தகடு சூடாகவில்லை, பசை மட்டும் எப்படிக் காய்கிறது?

பாடாங் செராய்க்கு வெளியே ஒரு பர்னிச்சர் தொழிற்சாலையில் தம்பி வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். ரப்பர் பலகைத் துண்டுகளில் பசை தடவி, வரிசையாக அடுக்கி, எச்.எஃப். பிரஸ் (உயர் அதிர்வெண் பிரஸ்) என்று சொல்லும் மெஷினுக்குள் தள்ளினால் ஒன்றரை நிமிடத்தில் ஒரே பலகையாக வெளியே வந்துவிடுகிறது. தகட்டைத் தொட்டால் வெறும் வெதுவெதுப்பு. உள்ளே ஹீட்டரும் இல்லை, ஸ்டீம் குழாயும் இல்லை. சூடு எங்கிருந்து வருகிறது, இது வீட்டு மைக்ரோவேவ் போலத்தானா, ‘டப்’ என்று ஏன் பொறி பறக்கிறது, பக்கத்திலேயே நின்று வேலை செய்தால் உடம்புக்கு ஆகாதா, இதே மெஷினால் ஒட்டுப்பாலை, அதாவது தானாக உறைந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர் பாலைக் காய வைக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடாவில் இந்த மாதிரி மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நாம் பழகிய சூடெல்லாம் வெளியிலிருந்து உள்ளே போகிற சூடு. தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில் ரப்பர் ஷீட்டைக் கம்பில் தொங்கவிட்டு அறுபது டிகிரி வாக்கில் நாள் கணக்காகப் புகை போடுகிறார்கள். ஏன் அத்தனை நாள்? சூட்டைக் கூட்டினால் மேல்பகுதி முதலில் காய்ந்து, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், ரப்பரும் கெட்டுவிடும். மரமும் அப்படித்தான். ரப்பரும் மரமும் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறிகள். இரண்டு விரல் கனமுள்ள பலகையின் நடுவில் இருக்கும் பசையை வெளியே இருந்து சூடேற்ற வேண்டுமென்றால், அதற்குள் மேல்பரப்பு கருகாமல் பார்த்துக்கொண்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும்.

எச்.எஃப். பிரஸ்ஸில் சூடு எங்கிருந்தும் ‘போவதில்லை’. பசைக்குள்ளேயே அது பிறக்கிறது. மேலே ஒரு அலுமினியத் தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் பலகை. இரண்டு தகடுகளுக்கும் இடையில் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம். ஆனால் அது ஒரே பக்கமாக நிற்பதில்லை. பல மெஷின்களில் ஒரு வினாடிக்கு 2 கோடியே 71 லட்சம் முறைக்கு மேல் முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கிறது. 27.12 மெகாஹெர்ட்ஸ் என்று மெஷினின் பெயர்ப்பலகையில் போட்டிருப்பது இதைத்தான். 13.56 என்றும் சில மெஷின்களில் பார்க்கலாம்.

தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு முனையில் கொஞ்சம் நேர்மின்னும் மறுமுனையில் கொஞ்சம் எதிர்மின்னும் உண்டு. மின்புலம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். பசையில் கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகள் இன்னும் மோசம். அவை திரும்புவதோடு நிற்காமல் இங்குமங்குமாக நகரவே பார்க்கும். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தை ‘இடது, வலது, இடது, வலது’ என்று நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே இருந்தால் தோளோடு தோள் உரசிப் புழுங்கிப் போவார்களே, கிட்டத்தட்ட அந்த உரசல்தான் சூடாகிறது.

இப்போது முக்கியமான இடம். காய்ந்த ரப்பர் பலகையில் ஈரம் பத்து சதவீதம் அளவில்தான் இருக்கும். பசையிலோ பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கலாம். யூரியா ஃபார்மால்டிஹைடு பசையாக இருந்தால் அதை இறுக வைக்க அம்மோனியம் குளோரைடு போன்ற உப்பும் கலந்திருப்பார்கள். ஆகவே ஒரே மின்புலத்தில் பசை மரத்தைவிடப் பல மடங்கு சக்தியை உறிஞ்சுகிறது. மரம் சட்டென்று சூடாவதற்குள் பசைக்கோடு நூறு டிகிரியை நெருங்கிவிடுகிறது. வெளியே எடுத்தவுடன் தொட்டால் மரம் வெதுவெதுப்பாக இருப்பதும், மூட்டு மட்டும் கையைச் சுடுவதும் இதனால்தான்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, நிறைய பேர் கோட்டை விடுவது அங்கேதான். பசைக்கோடு மேல்தகட்டிலிருந்து கீழ்த்தகடு வரை நேராக நிற்க வேண்டும். உங்கள் தம்பி அடுக்குவது அப்படித்தான்: துண்டுகள் பக்கவாட்டில் நெருங்கி நிற்கின்றன, நடுவில் பசை செங்குத்தாக இரண்டு தகடுகளையும் இணைக்கிறது. மின்னழுத்தம் பசைக்கும் மரத்துக்கும் ஒன்றாகவே கிடைக்கிறது. அதிகம் உறிஞ்சக்கூடியது அதிகம் எடுத்துக்கொள்கிறது. இதே பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து ஒட்டினால் கதை மாறிவிடும். மின்புலம் மரம், பசை, மரம், பசை என்று ஒவ்வொன்றாகக் கடந்து போக வேண்டும். மின்னழுத்தத்தில் பெரும்பகுதியை மரமே பிடித்துக்கொள்ளும், பசைக்கு மிச்சம்தான் கிடைக்கும். அப்போது முழுக் கட்டையையும் சூடாக்கினால்தான் பசை காயும். வளைந்த ஒட்டுப்பலகை நாற்காலி முதுகு செய்கிற அச்சுகளில் நடப்பது இந்த இரண்டாவது வகை. அங்கே நேரமும் கரண்டும் கூடுதலாகப் பிடித்தாலும், கனமான வளைவுக்குள் வெளியிலிருந்து சூட்டை அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதால் செய்கிறார்கள்.

மெஷினில் தம்பி கவனிக்க வேண்டிய ஒரே முள், ஆனோடு மின்னோட்டத்தை, அதாவது மெஷின் எவ்வளவு சக்தி கொடுக்கிறது என்பதைக் காட்டும் முள். பவர் போட்டதும் அது ஏறும், ஏனென்றால் பசை ஈரமாக இருக்கிறது, சக்தியை விழுங்குகிறது. அப்புறம் தண்ணீர் போகப் போக, பசை இறுக இறுக, முள் மெல்ல இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த இறக்கம்தான் ‘காய்ந்துவிட்டது’ என்பதற்கு அடையாளம். டைமர் மணி அடித்தும் முள் இறங்காமல் நின்றால், அந்தப் பலகையை நம்பாதீர்கள். பசை பழையதாக இருக்கலாம், அதிகமாகத் தடவியிருக்கலாம், அல்லது மரமே ஈரமாக வந்திருக்கலாம். முள் திடீரென்று துள்ளினால் எங்கோ பொறி. நல்ல ஆப்பரேட்டர் டைமரைப் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் பார்ப்பார்.

பொறிக்கு வருவோம். பொறி பறப்பதற்கு நான் பார்த்த காரணங்களில் முதலிடம் பிதுங்கிய பசைக்குத்தான். அழுத்தும்போது மூட்டிலிருந்து வெளியே வழிகிற பசை தகட்டில் ஒட்டி, காய்ந்து, அடுத்தடுத்த சுற்றுகளில் கருகும். கருகினால் கரி, கரி மின்சாரத்தைக் கடத்தும். தகட்டை நன்றாகப் பார்த்தால் முடி மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அடுத்த பொறி அந்தக் கோட்டின் வழியாகத்தான் வரும். ஷிப்ட் தொடங்கும் முன் மெஷினை நிறுத்தி, தகட்டைச் சுரண்டித் துடைப்பது எரிச்சலான வேலைதான், ஆனால் பாதிப் பொறி அதிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, ஈரம் சமமாக இல்லாத மரம். அடுக்கில் ஒரு துண்டு மட்டும் பதினெட்டு சதவீத ஈரத்தில் இருந்தால், அது மற்றவற்றைவிட அதிகமாக உறிஞ்சும், உள்ளே நீராவி கட்டிக்கொள்ளும், பிரஸ்ஸைத் திறந்தவுடன் மூட்டு ‘படக்’ என்று பிளக்கும். ரப்பர் மரத்தை வெட்டிய சில நாளுக்குள் போரான் மருந்து ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீலப்பூஞ்சையும் வண்டும் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு சூளையில் எட்டிலிருந்து பன்னிரண்டு சதவீதத்துக்குக் காய வைக்க வேண்டும். ஆர்டர் நெருக்கும்போது சூளையிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே பலகையை இழுத்துவிடுகிறார்கள். பழி பிரஸ் ஆப்பரேட்டர் மேல் விழுகிறது. தம்பியிடம் ஈரமானி ஒன்று இருந்தால் நல்லது. முதலாளி வாங்கித் தரவில்லை என்றால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது உலோகம். ஸ்டேப்பிள் பின், ஆணி, தவறி விழுந்த பிளேடு நுனி. நம் ஊர் மரத்துக்கே உரிய ஒன்றும் உண்டு: இருபத்தைந்து முப்பது வருடம் பால் வெட்டிய மரத்தில் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) மாட்டின கம்பி எங்காவது பட்டைக்குள் புதைந்து, மரம் அதை மூடி வளர்ந்திருக்கும். பெரும்பாலும் ரம்பத்திலேயே அது மாட்டிக்கொள்ளும். தப்பி வந்த ஒரு துண்டுக் கம்பி தகடுகளுக்கு நடுவே நின்றால், மின்புலம் முழுவதும் அதன் நுனியில் குவிந்து மரத்தைச் சுற்றிலும் கரியாக்கிவிடும்.

சரி, மைக்ரோவேவ் அடுப்பு இதுதானா? சொந்தக்காரன்தான், ஆனால் வேறு வீடு. அடுப்பின் அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர் வாக்கில். அதனால் அலையை ஒரு பெட்டிக்குள் விட்டு அலைக்கழிக்க முடிகிறது. 27.12-இன் அலைநீளமோ பதினோரு மீட்டர். அதைப் பெட்டிக்குள் அடைக்க முடியாது, இரண்டு தகடுகளுக்கு நடுவே நிறுத்தத்தான் முடியும். அலைநீளம் பெரிதாக இருப்பதால் கனமான பொருளுக்குள்ளும் சமமாக ஊடுருவும். 2450 ஈரமான பொருளில் சில சென்டிமீட்டருக்குள் தேய்ந்துவிடும். பத்தடிப் பலகைக்கான பெரிய பிரஸ்களில் இன்னும் குறைந்த அதிர்வெண்ணைத் தேர்வு செய்வதற்கும் அலைநீளம்தான் காரணம்: தகடு நீண்டுகொண்டே போனால் அதன் ஒரு முனையில் மின்னழுத்தம் கூடுதலாகவும் மறுமுனையில் குறைவாகவும் ஆகிவிடும், ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் காயாது.

2450 என்பது தண்ணீரின் ‘சொந்த அதிர்வெண்’, அதனால்தான் அடுப்பில் அதை வைத்தார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். அது கட்டுக்கதை. அறைச் சூட்டில் தண்ணீர் அதிகபட்சமாக உறிஞ்சுவது இருபதாயிரம் மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். 2450 ஆனாலும் 27.12 ஆனாலும், வானொலிக்கும் விமானத்துக்கும் தொந்தரவு வராமல் தொழில், அறிவியல், மருத்துவ வேலைகளுக்கென்று உலக நாடுகள் ஒதுக்கிவைத்த அலைவரிசைகள். அந்த ஒதுக்கீடு 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய மாநாட்டிலிருந்து வருகிறது.

வெளியில் தெரியாமல் பக்கத்துப் பெட்டிக்குள் இருப்பதுதான் மெஷினின் இதயம். 415 வோல்ட் மூன்று பேஸ் மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் பல ஆயிரம் வோல்ட்டாக்குகிறது, ரெக்டிபையர் அதை நேர்மின்சாரமாக்குகிறது, கையளவோ அதைவிடப் பெரிதாகவோ உள்ள ஒரு ட்ரையோட் வால்வு (வெற்றிடக் குழாய்) அதை உயர் அதிர்வெண்ணாக ஆட்டுகிறது. டிரான்சிஸ்டர் காலத்தில் இன்னும் வால்வா என்று சிரிப்பார்கள். டிரான்சிஸ்டர் மெஷின்களும் வந்துவிட்டன, ஆனால் பர்னிச்சர் தொழிற்சாலையின் முரட்டுத்தனத்தையும் பொறிகளையும் தாங்குவதில் வால்வுக்கு ஈடில்லை என்பது என் அபிப்பிராயம். காலையில் இழையைச் சில நிமிடம் சூடேற்றாமல் உயர் அழுத்தத்தைப் போட்டால் மட்டும் அதன் ஆயுள் குறையும்.

நம் பக்கத்தில் இந்தச் சூடு வேலை செய்யும் இன்னொரு இடம் பி.வி.சி. ஒட்டுதல். மழைச்சட்டை, பைல் உறை, மருத்துவமனை ரத்தப் பை எல்லாம் 27.12-இல் ஒட்டுபவைதான். ஆனால் பாலித்தீன் பையை அதே மெஷினில் வைத்தால் நாள் முழுக்க வைத்தாலும் ஒட்டாது. பி.வி.சி. மூலக்கூறில் உள்ள குளோரின் அதற்கு நேர்மின், எதிர்மின் முனைகளைத் தருகிறது. பாலித்தீனுக்கு அப்படி எதுவும் இல்லை. மின்புலம் பிடித்துத் திருப்ப அதில் கைப்பிடி இல்லை.

இரும்புக்கு இந்த முறை சரிப்படாது. அதற்குத் தகடு இல்லை, சுருள். செம்புச் சுருளில் மாறுமின்சாரம் ஓடினால், நடுவில் வைத்த இரும்பில் சுழல் மின்னோட்டம் பிறந்து அதுவே சூடாகும். ஃபாரடே 1831-இல் கண்டதன் நேர்வாரிசு இது. அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் மேல்தோலிலேயே ஒதுங்கும். பத்து கிலோஹெர்ட்ஸில், ஆறிய எஃகில் அது கால் மில்லிமீட்டர் ஆழம்கூடப் போகாது. எஃகு 770 டிகிரியைத் தாண்டிக் காந்தத்தன்மையை இழந்ததும் அந்த ஆழம் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் தாவும். செம்பனை ஆலைக் கன்வேயரின் பல்சக்கரத்துக்குப் பல்லின் மேல்பகுதி மட்டும் கடினமாகவும் உள்ளே வளையும் தன்மையோடும் வேண்டும் என்றால், சில வினாடி சுருளில் சூடாக்கித் தண்ணீரில் அடிப்பது இதை வைத்துத்தான். ஆலையில் பேரிங்கை ஷாப்டில் ஏற்றும் முன் வைத்து 110 டிகிரிக்கு விரிய வைக்கிற ஹீட்டரும் இதே குடும்பம், ஆனால் அது பெரும்பாலும் சாதாரண 50 ஹெர்ட்ஸிலேயே ஓடும். வேலை முடிந்ததும் காந்தத்தை நீக்காமல் விட்டால் இரும்புத்தூளை இழுத்துப் பேரிங் கெடும்.

உடம்பு விஷயம். இந்த அலை எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும் கதிர் இல்லை. அது உடம்புக்குச் செய்வதாக உறுதியாகத் தெரிந்தது முக்கியமாகச் சூடாக்குவதுதான். ஆனால் பசையைச் சூடாக்குகிற அதே காரணத்தால் உடம்பையும் சூடாக்கும், நாமும் உப்புத் தண்ணீர்தானே. கண்வில்லை, விதைப்பை போன்ற இடங்களில் சூட்டை ஆற்ற ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அவைதான் முதலில் கவலை. மெஷினைச் சுற்றி இருக்கும் அலுமினியக் கூண்டும், கதவு ஓரத்தில் இருக்கும் செம்புப் பட்டையும் அழகுக்கு வைத்தவை அல்ல. கூண்டு சரியாக மூடி, பட்டை சரியாகத் தொட்டு, தரையிணைப்பு சரியாக இருந்தால் ஆப்பரேட்டர் நிற்கும் இடத்தில் அளவு பாதுகாப்பு வரம்புக்குள் இருக்கும். தரையிணைப்பு மெல்லிய வயராக இல்லாமல் அகலமான செம்புப் பட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த அதிர்வெண்ணில் மெல்லிய வயர் தரையிணைப்பே அல்ல. இரண்டு மீட்டர் வயர் ஒரு தடையாகிவிடும்.

நான் போன ஒரு இடத்தில் கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும்படி கதவு சுவிட்சைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். கதவு மூடும் நேரத்தில் ஒரு சுற்றுக்கு நாலு வினாடி மிச்சமாம். பக்கத்திலிருந்த இரும்பு மேசையைத் தொட்டவருக்கு விரல் நுனியில் வெள்ளைப் புள்ளியாகக் காயம். சாதாரணத் தீக்காயம் போல மேலே எரியாமல், ஆழமாகப் போய் ஆற வெகு நாள் எடுக்கும் காயம் அது. கூண்டு ஓட்டையான மெஷினுக்கு அருகில் உலோகத்தைத் தொட்டால் சுள்ளென்று சுட்டால், அதுவே எச்சரிக்கை. தம்பி மோதிரம், இரும்பு வார் கடிகாரம் போடாமல் போவது நல்லது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. பெட்டியைத் திறக்கும் வேலை தம்பியுடையது அல்ல. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் அளவு மின்னேற்றம் நிற்கலாம், தரையிணைப்புக் கம்பால் தொட்டு இறக்கிவிட்டுத்தான் நாங்களே கை வைப்போம்.

இவற்றையெல்லாம் சொன்னாலும், என்னைக் கேட்டால் அன்றாடக் கவலை அலை அல்ல, மூக்கில் ஏறும் நெடிதான். யூரியா பசை சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்று தம்பி சொன்னால், பிரஸ்ஸுக்கு மேலே உறிஞ்சு விசிறி ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக ஒட்டுப்பால். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க, எந்த முறையானாலும், சுமார் 0.63 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி தேவை. வால்வு மெஷினில் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தில் பாதி, கொஞ்சம் கூடப் போனால் அறுபது சதவீதம்தான் பொருளுக்குள் சூடாகப் போகிறது. ஆக, ஒரு கிலோ தண்ணீருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல். ரப்பர் பாலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஆசிட் ஊற்றி உறைய வைத்து ரோலரில் பிழிந்தால் அதில் பெரும்பகுதி ஏறக்குறைய இலவசமாகவே வெளியேறுகிறது. செம்பனை ஆலைகள் பழக்குலையை மூன்று பார் நீராவியில் வேக வைப்பதிலும் இதே கணக்குதான்: நாரையும் ஓட்டையும் எரித்தே கொதிகலன் ஓடுகிறது, அந்தச் சூட்டுக்கு மின்கட்டணம் இல்லை. பர்னிச்சர் கம்பெனிகளும் சூளையை மரத்தூளால் ஓட்டுகின்றன.

அதோடு, ரப்பர் பாலித்தீனைப் போல முனையில்லாத பொருள். ஈரம் இருக்கும்வரை சூடாகும், காய்ந்ததும் உறிஞ்சுவது நின்றுவிடும். கார் கதவு ரப்பர் பட்டையை மைக்ரோவேவில் வேக வைக்கும்போது சூட்டை உறிஞ்சுவது அதில் கலந்த கறுப்புக் கரித்தூள்தான். காய்ந்தால் தானாகவே நின்றுவிடும் இந்தக் குணத்துக்கும் ஒரு பயன் உண்டு: லேட்டக்ஸ் மெத்தை. நுரைக்குள் காற்று அடைத்திருப்பதால் வெளிச்சூடு உள்ளே போகவே போகாது. அங்கே உயர் அதிர்வெண் உலர்த்தி மணிக்கணக்கை மிச்சப்படுத்துகிறது, ஈரம் எங்கே மிச்சமோ அங்கேதான் சூடும் போகிறது. ஒட்டுப்பால் கிலோவுக்குக் கிடைக்கிற விலையில் அந்தக் கணக்கு கட்டாது. தம்பியின் முதலாளி மெத்தைத் தொழிலுக்குப் போவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.